டிரா ஆன ஆட்டத்தைப் பிரித்துப் படிப்பது: ஸ்கோர்ஷீட்டிலிருந்து ஓப்பனிங் நோட்டு வரை

செஸ்ஸில் தோற்ற ஆட்டத்தை அலசாதவர் இல்லை. ஜெயித்த ஆட்டத்தை வீட்டில் இரண்டு தடவை போட்டுக் காட்டுவார்கள். டிரா ஆன ஆட்டம் மட்டும் பைக்குள் கசங்கிக் கிடக்கும். தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ வார இறுதிப் போட்டி நடக்கும் ஹால் வாசலில் நின்றால் கேட்கலாம்: "என்னாச்சு?" "டிரா." "யாரோட?" அதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்வுகள்) எங்கே சப்பையாகிறது என்று தெரிந்துகொள்ள டிரா ஆன ஆட்டத்தைவிட நல்ல பாடம் கிடையாது. தோற்ற ஆட்டத்தில் ஒரு பெரிய தப்பு மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடும். டிராவில் அப்படி எதுவும் மறைக்காததால், ஆட்டம் எந்த இடத்தில் உயிரிழந்தது என்று தேடிப் பிடிக்க முடியும். அதற்கு வேலைகளை வரிசை மாறாமல் செய்ய வேண்டும். நகர்வுகளைக் கணித்துச் சொல்லும் கம்ப்யூட்டர் எஞ்சின் இந்த வரிசையில் ஆறாவதாகத்தான் வருகிறது.

ஸ்கோர்ஷீட்டில் நகர்வுகளை ஆங்கில எழுத்தில் எழுதுகிறோம். இங்கே அவற்றை உச்சரிப்புப்படியே தந்திருக்கிறோம்: ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, ஹெச் ஆகியவை நெடுவரிசைகள், எண்கள் குறுக்குவரிசைகள். × என்றால் வெட்டு, + என்றால் செக். காயின் பெயர் இல்லாவிட்டால் அது சிப்பாய் நகர்வு. கேஸ்லிங் என்பது ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் இடம் மாறுவது. என்பாசான் என்பது இரண்டு கட்டம் தாண்டிப் பக்கத்தில் வந்து நின்ற சிப்பாயை உடனே சிப்பாயால் வெட்டுவது.

## முன்கூட்டியே தேவைப்படுபவை

80 பக்க நோட்டு ஒன்று, இரண்டு நிறப் பேனா, காய்களோடு ஒரு நிஜ போர்டு. போனிலோ கம்ப்யூட்டரிலோ லிச்செஸ் என்ற செஸ் தளம் இருந்தால் போதும். ஸ்டாக்ஃபிஷ் எஞ்சின், எந்த நகர்வு எத்தனை ஆட்டத்தில் ஆடப்பட்டது என்று காட்டும் ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரர், ஏழு காய் வரையிலான கடைசிக்கட்ட நிலைகளுக்குச் சரியான முடிவைச் சொல்லும் எண்ட்கேம் டேபிள்பேஸ் மூன்றும் அதில் இலவசம்.

போர்டை விட்டுவிட்டுப் போனிலேயே செய்யலாமே என்று தோன்றும். போனில் திறந்ததும் கண் முதலில், யாருக்கு எவ்வளவு சாதகம் என்று எஞ்சின் காட்டும் எண்ணுக்குத்தான் போகும். முதல் ஐந்து படிகளில் அந்த எண் கண்ணில் படவே கூடாது.

போட்டி அழைப்பிதழையும் பத்திரமாக வையுங்கள். ஆட்டக்காரர்கள் பேசி டிரா செய்ய குறைந்தபட்சம் இத்தனை நகர்வு ஆகியிருக்க வேண்டும் என்று அமைப்பாளர்கள் நிபந்தனை போடலாம். உலகச் செஸ் அமைப்பான ஃபிடேயின் விதி அதை அனுமதிக்கிறது. பலர் அதைப் படிக்காமலேயே உட்கார்ந்து, 12ஆவது நகர்வில் கை கொடுத்துவிட்டு ஆர்பிட்டரிடம் (நடுவரிடம்) மாட்டிக்கொள்கிறார்கள்.

## 1. ஹாலை விட்டு வெளியே வரும் முன்

ஆட்டம் முடிந்ததும் இரண்டு பேரும் இரண்டு ஸ்கோர்ஷீட்டிலும் முடிவை எழுதிக் கையெழுத்திட வேண்டும். கையெழுத்திடும் முன் எதிராளியின் தாளை ஒரு தடவை பாருங்கள். உங்கள் தாளில் விட்டுப்போன நகர்வு அதில் இருக்கும்.

ஸ்கோர்ஷீட் அமைப்பாளருக்குச் சொந்தம். கார்பன் நகல் இருந்தால் அது உங்களுக்குக் கிடைக்கும். இல்லாவிட்டால் தாளைக் கொடுப்பதற்கு முன் நோட்டில் கையால் நகல் எடுங்கள். படம் பிடிக்கலாம் என்று ஹாலுக்குள் போனை எடுக்காதீர்கள். போட்டி நடக்கும் இடத்தில் ஆட்டக்காரர் கையில் போன் இருந்தால் என்ன ஆகும் என்பதை எந்த ஆர்பிட்டரைக் கேட்டாலும் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் போட்டிகள் பெரும்பாலும் ரேபிட், அதாவது குறைந்த நேர ஆட்டம். ரேபிட்டில் நகர்வுகளை எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் அந்த ஆட்டங்கள் காற்றில் போய்விடுகின்றன. ஆட்டம் முடிந்த ஐந்து நிமிடத்துக்குள் முதல் 15 நகர்வையும் கடைசி நிலையையும் நோட்டில் எழுதுங்கள். முழு ஆட்டத்தையும் நினைவிலிருந்து எழுதப் பார்த்தால் நடுவில் சிக்கி மொத்தத்தையும் விட்டுவிடுவீர்கள். ஓப்பனிங்கைச் சரிசெய்ய முதல் 15 போதும்.

ஸ்கோர்ஷீட் எழுதும் ஆட்டமாக இருந்தால் ஐந்து நகர்வுக்கு ஒருமுறை கிளாக்கில் மீதியுள்ள நிமிடத்தையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பயன் 4ஆவது படியில் தெரியும்.

## 2. மனசில் இருப்பதை எழுதுவது

அன்றைக்கே எழுத வேண்டும். அரூருக்கோ ஊத்தங்கரைக்கோ ஓசூருக்கோ திரும்பும் பேருந்தில் அரை மணி நேரம் கிடைத்தால் போதும். அடுத்த நாள் எழுதினால் நடந்ததை எழுத மாட்டீர்கள், நடந்ததாக நம்புவதைத்தான் எழுதுவீர்கள்.

நான்கே கேள்விகள். எந்த நகர்வு வரை யோசிக்காமல், தெரிந்த வழியில் ஆடினேன்? முதன்முதலில் எங்கே நின்று யோசித்தேன்? எங்கே பயந்தேன்? டிராவை முதலில் நினைத்தது நானா எதிராளியா, எந்த நகர்வில்?

மூன்றாவது கேள்வியைப் பிள்ளைகள் வெறுமனே விட்டுவிடுவார்கள். பயம் என்ற சொல் பிடிக்காதென்றால் "எந்த நகர்வை ஆடலாம் என்று நினைத்துவிட்டு ஆடாமல் விட்டேன்" என்று மாற்றிக் கேளுங்கள். டிராவின் வேர் பல தடவை அந்த ஆடாத நகர்வில்தான் இருக்கும். அதை எஞ்சினால் கண்டுபிடிக்க முடியாது, நீங்கள் எழுதினால்தான் உண்டு.

## 3. ஸ்கோர்ஷீட்டைச் சுத்தம் செய்வது

இப்போது போர்டை எடுத்து, எழுதியபடியே நகர்த்துங்கள். ஏதோ ஓர் இடத்தில் "இந்தக் காய் அங்கே போகவே முடியாதே" என்று நிற்பீர்கள். பிழை பெரும்பாலும் அந்த நகர்வில் இருக்காது, அதற்கு இரண்டு மூன்று நகர்வுக்கு முன்னால் இருக்கும். அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்.

அடிக்கடி வரும் பிழைகள் இவை. கறுப்பில் ஆடுபவர் போர்டைத் தன் பக்கத்திலிருந்து எண்ணி, சி6 என்பதை எஃப்3 என்று எழுதிவிடுவார். வெள்ளையின் நகர்வையும் கறுப்பின் நகர்வையும் கட்டம் மாற்றி எழுதுவதால் அங்கிருந்து எல்லாம் ஒரு வரி தள்ளிப்போகும். ஒரே கட்டத்துக்கு இரண்டு குதிரையோ இரண்டு யானையோ போக முடியும்போது எது போனது என்று குறிக்காமல் விடுவார்கள்.

கடைசிப் பிழை சின்னதாகத் தெரியும். கீழே உள்ள ஆட்டத்தைப் பாருங்கள். உலகம் முழுக்கப் பல போட்டிகளில் அப்படியே ஆடப்பட்டு டிரா ஆன வரிசை இது. ராய் லோபஸ் ஓப்பனிங்கின் பெர்லின் தற்காப்பு, ஓப்பனிங் எண் சி67. இனி வரும் படிகளுக்கும் இதையே எடுத்துக்கொள்கிறோம்.

1. ஈ4 – ஈ5
2. குதிரை எஃப்3 – குதிரை சி6
3. பிஷப் பி5 – குதிரை எஃப்6
4. கேஸ்லிங் – குதிரை×ஈ4
5. டி4 – குதிரை டி6
6. டி×ஈ5 – குதிரை×பி5
7. ஏ4 – பி குதிரை டி4
8. குதிரை×டி4 – குதிரை×டி4
9. ராணி×டி4 – டி5
10. ஈ×டி6 (என்பாசான்) – ராணி×டி6
11. ராணி ஈ4+ – ராணி ஈ6
12. ராணி டி4 – ராணி டி6
13. ராணி ஈ4+ – ராணி ஈ6
14. ராணி டி4 – ராணி டி6. டிரா.

7ஆவது நகர்வில் கறுப்பின் இரண்டு குதிரையும் டி4-க்குப் போக முடியும். வெறுமனே "குதிரை டி4" என்று எழுதியிருந்தால் எது போனதென்று தெரியாது. 9ஆவது நகர்வில் இரண்டு வழியும் ஒரே நிலைக்கு வந்துவிடுவதால் பரவாயில்லை என்று தோன்றும். சி6 குதிரை போயிருந்தால் வெள்ளைக்கு 8. ஏ×பி5 என்ற வாய்ப்பு இருந்திருக்கும். பி5 குதிரை போனதால் அது இல்லை. தப்பாக ஏற்றினால், நடக்கவே முடியாத ஒரு வாய்ப்பை எஞ்சின் உங்களுக்குக் காட்டும். நீங்களும் அரை நாள் அதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

## 4. டிரா எப்படி வந்தது, முறையாக வந்ததா

பேசி முடித்ததா, நிலை திரும்பத் திரும்ப வந்ததா, ஸ்டேல்மேட்டா (செக் இல்லை, ஆட நகர்வும் இல்லை), வெட்டும் சிப்பாய் நகர்வும் இல்லாத 50 நகர்வா, காய் போதாமலா? ஒன்றைத் தேர்ந்து தலைப்பில் எழுதுங்கள். 60ஆவது நகர்வில் யானை எண்ட்கேமில் டிரா ஆகியிருந்தால் ஓப்பனிங்கின் மேல் பழி போட வேண்டாம். கடைசி ஏழு காய் நிலையை டேபிள்பேஸில் போட்டு, ஜெயம் எங்கே கைநழுவியது என்று பார்த்துவிட்டு அதைத் தனியாக வையுங்கள். அந்த ஆட்டத்துக்கு வேண்டிய வைத்தியம் வேறு.

மேலே உள்ள ஆட்டம் நிலை திரும்பியதால் வந்த டிரா. புதிதாக வருபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான், அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

எண்ண வேண்டியது நகர்வை அல்ல, நிலையை. "மூன்று தடவை செக் கொடுத்தேன்" என்பது கணக்கில் வராது. ஒரே காய்கள் ஒரே கட்டங்களில் இருக்க வேண்டும், ஆட வேண்டியவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும், கேஸ்லிங், என்பாசான் உரிமைகளும் மாறாமல் இருக்க வேண்டும். மூன்று தடவையும் அடுத்தடுத்து வர வேண்டும் என்பதும் இல்லை.

இந்த ஆட்டத்தில் வெள்ளை ராணி டி4-லும் கறுப்பு ராணி டி6-லும் நின்று வெள்ளை ஆட வேண்டிய நிலை, கறுப்பின் 10ஆவது நகர்வுக்குப் பிறகு முதல் தடவை வருகிறது. 12-க்குப் பிறகு இரண்டாவது, 14-க்குப் பிறகு மூன்றாவது. கறுப்பு ராஜா ஈ8-ஐ விட்டு நகராததால் கேஸ்லிங் உரிமையும் மாறவில்லை. ராஜா ஒரு தடவை நகர்ந்து திரும்பி வந்திருந்தால், போர்டைப் பார்க்க அப்படியே இருந்தாலும் அது வேறு நிலை.

கறுப்பு டிரா கேட்க விரும்பினால் 14ஆவது நகர்வை ஆடக் கூடாது. "ராணி டி6" என்று தாளில் எழுதி, கிளாக்கை நிறுத்தி, ஆர்பிட்டரை அழைத்து, "இந்த நகர்வால் நிலை மூன்றாவது முறை வருகிறது" என்று சொல்ல வேண்டும். ஆடிக் கிளாக்கை அமுக்கிவிட்டால் கேட்கும் உரிமை வெள்ளைக்குப் போய்விடும். வெள்ளை கேட்பதென்றால் எந்தக் காயையும் தொடாமல் கேட்க வேண்டும். தொட்டுவிட்டால் அந்த நகர்வில் அந்த உரிமை இல்லை.

கேட்டது தப்பாக இருந்தால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும், ஆட்டம் தொடரும், எழுதிய நகர்வை ஆடியே தீர வேண்டும். இது பெரிய தண்டனை இல்லை. பயந்து கேட்காமல் விட்டு, பிறகு நேரம் தீர்ந்து தோற்பவர்கள்தான் அதிகம். யாரும் கேட்காமலே போனாலும் ஒரே நிலை ஐந்தாவது முறை வந்தால் ஆட்டம் தானாக டிரா. காய் வெட்டாமலும் சிப்பாய் நகர்த்தாமலும் இரண்டு பக்கமும் 75 நகர்வு ஆடினாலும், கடைசி நகர்வு செக்மேட்டாக இல்லாதவரை, அப்படியே.

பேசி முடிக்கும் டிராவுக்கும் முறை உண்டு. முதலில் நகர்வை ஆட வேண்டும், பிறகு டிரா கேட்க வேண்டும், அதன் பிறகே கிளாக்கை அமுக்க வேண்டும். தாளில் = குறி போட வேண்டும். எதிராளியின் நேரம் ஓடும்போது "டிராவா, டிராவா" என்று கேட்டுக்கொண்டிருப்பது தொந்தரவு என்று கருதப்படும். கேட்டுவிட்டால் திரும்பப் பெறவும் முடியாது.

இப்போது ஓரத்தில் குறித்த நேரத்தைப் பாருங்கள். டிரா கேட்டவரிடம் 40 நிமிடம் மீதி இருந்ததா, 3 நிமிடமா? 40 இருந்திருந்தால் நிலையில் சரக்கு தீர்ந்துவிட்டது என்று அவர் நினைத்திருக்கிறார். 3 இருந்திருந்தால் தீர்ந்தது நேரம். இரண்டாவதென்றால் ஓப்பனிங்கை மாற்றிப் பயனில்லை, முதல் 15 நகர்வை வேகமாக ஆடப் பழக வேண்டும்.

## 5. விலகிய இடத்தைக் கண்டுபிடிப்பது

இந்தப் படிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மற்ற எந்த அலசல் படிக்கும் இவ்வளவு ஆகாது.

ஸ்கோர்ஷீட்டில் இரண்டு கோடுகள் போட வேண்டும். முதல் கோடு, உங்களுக்குத் தெரிந்தது எங்கே முடிந்தது என்பது. 2ஆவது படியின் முதல் கேள்விக்கு எழுதிய பதிலே அது. இரண்டாவது கோட்டை வேறு நிறத்தில் போடுங்கள். பெரிய ஆட்டக்காரர்களின் ஆட்டங்களிலிருந்து உங்கள் ஆட்டம் எங்கே விலகியது என்பது அது. எக்ஸ்ப்ளோரரில் மாஸ்டர் ஆட்டங்களைத் தேர்ந்து ஒவ்வொரு நகர்வாகப் போடுங்கள். ஆட்டங்களின் எண்ணிக்கை சட்டென்று ஒற்றை இலக்கத்துக்கு விழும் இடத்தில் கோடு.

இரண்டு கோட்டுக்கும் நடுவில் உள்ளதுதான் உங்கள் வேலை. மேலே உள்ள ஆட்டத்தில் இரண்டாவது கோடே விழாது, 14 வரை முழுக்கத் தெரிந்த வழி. வெள்ளையில் ஆடிய பிள்ளைக்கு 5. டி4 வரைதான் தெரியும் என்று வையுங்கள். டிரா 14-ல் வந்தது, படிக்க வேண்டியது 6-லிருந்து. "கடைசியில் நான் ராணியை வேறெங்காவது வைத்திருக்கலாம்" என்று 14-ஐச் சுற்றியே யோசிப்பது வழக்கமான தப்பு.

கடைசி நிலை ஏன் திரும்பத் திரும்ப வந்தது என்பதையும் காய்களை வைத்துப் புரிந்துகொள்ள வேண்டும். 12. ராணி டி4 என்பது வெறும் பின்வாங்கல் இல்லை. கறுப்பு ராணி ஈ6-லும் ராஜா ஈ8-லும் ஒரே வரிசையில் நிற்பதால் அடுத்து யானை ஈ1 வந்தால் ராணி மாட்டிக்கொள்ளும். குறுக்கே பிஷப்பை ஈ7-ல் வைத்தால் ஜி7 சிப்பாய்க்குக் காவல் போய்விடும், டி4-லிருந்து ராணி அதை வெட்டும். அதனால் கறுப்பு ராணி டி6-க்குத் திரும்பி, "மாற்றிக்கொள்ளலாமா" என்கிறது.

வெள்ளை ஏன் மாற்றவில்லை? 11. ராணி×டி6 பிஷப்×டி6 என்று போனால் பக்கத்துக்கு 6 சிப்பாய், ராணி இல்லை. கறுப்பிடம் இரண்டு பிஷப், வெள்ளையிடம் ஒரு பிஷப்பும் ஒரு குதிரையும். வெள்ளை ஜெயிக்க ஆசைப்படும் நிலை இல்லை அது. கறுப்பு ஏன் 11-ல் வேறு வழி பார்க்கவில்லை? பிஷப் ஈ6 என்று தடுத்தால் சி8-லிருந்து பி7-ஐக் காத்த பிஷப் போய்விடுகிறது. பிஷப் ஈ7 என்று தடுப்பது இன்னொரு வழி. இவை இரண்டையும் கேள்விக்குறியோடு நோட்டில் எழுதுங்கள். பதிலை இப்போது தேட வேண்டாம்.

இப்படி எழுதி முடித்தால்தான் "இரண்டு பக்கமும் விலகினால் கொஞ்சம் மோசம், அதனால் இருவரும் விலகவில்லை" என்பது புரியும். இதுவே நிலை திரும்பும் டிராவின் உள்கட்டு. எஞ்சின் 0.00 (சமநிலை) என்று காட்டுவதைப் பார்த்தால் இது புரியாது.

## 6. இப்போது எஞ்சின்

மூன்று வழிகளைக் காட்டும்படி அமைத்து, ஒரு நிலைக்கு ஒரு நிமிடமாவது ஓடவிடுங்கள். ஒரே வழி காட்டும்படி வைத்தால், இரண்டாவது நல்ல நகர்வு கிட்டத்தட்ட சமமா அல்லது படுமோசமா என்பது தெரியாமல் போகும். ஓப்பனிங்கில் அந்த வித்தியாசம்தான் முக்கியம். மூன்றும் ஏறத்தாழ சமம் என்றால் மனப்பாடம் செய்ய ஒன்றுமில்லை, பிடித்ததை ஆடலாம்.

ஓப்பனிங்கில் +0.30 (வெள்ளைக்குக் கொஞ்சம் சாதகம்), –0.20 (கறுப்புக்கு) போன்ற எண்களை வைத்துச் சண்டை போட வேண்டாம். நம் மாவட்டப் போட்டி அளவில் அதற்குப் பொருள் இல்லை. 0.00 என்பதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, காய்கள் எல்லாம் மாறி ஒன்றும் நடக்காத 0.00. மற்றது, இரண்டு பக்கமும் கத்தி மேல் நிற்கும் 0.00. ஜெயிக்க வேண்டிய ரவுண்டில் இரண்டாவது வகையைத் தேடிப் போகலாம், முதல் வகையை விட்டு ஓட வேண்டும்.

5ஆவது படியில் எழுதிய கேள்விகளை மட்டும் எஞ்சினிடம் கேளுங்கள். முழு ஆட்டத்தையும் போட்டு "அனாலிசிஸ்" பொத்தானை அமுக்கிச் சிவப்பு மஞ்சள் குறிகளை எண்ணுவது வேடிக்கை பார்ப்பதுதான்.

## 7. டிரா நல்லதா கெட்டதா என்று முடிவு செய்வது

ஓப்பனிங்கை மாற்றும் முன் இந்தக் கணக்கைப் போட வேண்டும். ஃபிடே ஸ்டாண்டர்ட் ரேட்டிங்கில் உங்களைவிட 200 புள்ளி அதிகம் உள்ளவரோடு ஆடினால் உங்களிடம் எதிர்பார்க்கப்படும் மதிப்பெண் 0.24. டிரா செய்தால் 0.5. கூடுதல் 0.26. 18 வயதுக்குள் 2300-க்குக் கீழ் இருப்பவருக்கு, இந்த வித்தியாசத்தோடு பெருக்க வேண்டிய கே எண் 40, அதனால் 10.4 புள்ளி ஏறும். கே 20 உள்ளவருக்கு 5.2 ஏறும். அதே டிராவை 200 புள்ளி குறைந்தவரோடு செய்தால் அதே அளவு இறங்கும்.

ஆக, கறுப்பில் ஆடி மேலே உள்ள வழியில் பெரிய ஆளைப் பிடித்து நிறுத்தியிருந்தால் அந்த வழியைத் தொடவே வேண்டாம். வெள்ளையில் ஆடி, சின்ன ஆளிடம் 14 நகர்வில் டிரா என்றால் மாற்ற வேண்டும். ஒரே ஆட்டத்துக்கு இரண்டு பக்கமும் வெவ்வேறு தீர்ப்பு வருவதில் தப்பில்லை.

## 8. ஒரே ஒரு நகர்வை மாற்றுவது

ஓப்பனிங்கையே மாற்றாதீர்கள். ஒரு டிராவுக்காக ஈ4-ஐ விட்டு டி4-க்குத் தாவுவது, ஒரு ஓடு உடைந்ததற்கு வீட்டையே மாற்றுவது போல. முதல் கோட்டுக்குப் பக்கத்தில், உங்களுக்குத் தெரிந்ததோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு நகர்வை மட்டும் மாற்றுங்கள்.

இந்த ஆட்டத்தில் வெள்ளைக்கு மூன்று இடங்கள் உண்டு. 4. டி3 ஆடி ஈ4 சிப்பாயைக் காப்பது எளிது. காய்கள் போர்டில் இருக்கும், நீண்ட ஆட்டம் வரும், மனப்பாடம் குறைவு. 5. யானை ஈ1 ஆடினால் காய்கள் சீக்கிரம் மாறி மறுபடியும் சமச்சீர் வர வாய்ப்பு அதிகம், டிராவைத் தவிர்க்க நினைப்பவருக்கு அது பொருந்தாது. 6. பிஷப்×சி6 ஆடினால் டி×சி6, 7. டி×ஈ5 குதிரை எஃப்5, 8. ராணி×டி8+ ராஜா×டி8. ராணி இல்லை, கறுப்பு கேஸ்லிங் செய்ய முடியாது, ஆனால் கறுப்பிடம் இரண்டு பிஷப். உலகப் போட்டிகளில் ஆயிரம் தடவை ஆடப்பட்ட நிலைதான், 12 வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதைவிட 4. டி3 சொல்லிக்கொடுப்பது நல்லது.

கறுப்பு டிராவை விரும்பாவிட்டால் 7-ல் டி6 ஆடலாம். 8. ஈ6 எஃப்×ஈ6, 9. ஏ×பி5 குதிரை ஈ7. கறுப்புக்கு ஒரு சிப்பாய் கூடுதல், நடுவில் சிப்பாய்க் கூட்டம், ஆனால் காய்கள் வெளியே வர நேரம் பிடிக்கும். எஞ்சினோடு குறைந்தது ஐந்து நகர்வு ஆழம் பார்க்காமல் இதைப் போட்டியில் இறக்க வேண்டாம்.

இன்னொரு வகை டிரா நம் பக்கம் அதிகம் வருகிறது: சமச்சீர் டிரா. ஃபிரெஞ்சு எக்ஸ்சேஞ்ச் நல்ல எடுத்துக்காட்டு. 1. ஈ4 ஈ6 2. டி4 டி5 3. ஈ×டி5 ஈ×டி5 4. குதிரை எஃப்3 குதிரை எஃப்6 5. பிஷப் டி3 பிஷப் டி6 6. கேஸ்லிங் கேஸ்லிங். கண்ணாடியில் பார்த்த மாதிரி. திறந்திருப்பது ஈ வரிசை ஒன்றே என்பதால் இரண்டு பக்க யானைகளும் அங்கே வந்து மாறிப் போகும், பிறகு ஆட்டத்தில் ஒன்றும் இருக்காது.

சமச்சீரை எவ்வளவு சீக்கிரம் உடைக்கிறோமோ அவ்வளவு மலிவாக உடைக்கலாம். வெள்ளைக்கு 4. சி4: கறுப்பு வெட்டினால் பிஷப் வெட்டி வெளியே வரும், டி4 சிப்பாய் தனியாக நிற்கும், அதற்குப் பதில் காய்களுக்கு இடம் கிடைக்கும். கறுப்புக்கு: எஃப்6-ல் குதிரையை வைக்காமல் ஈ7-ல் வைப்பது. வெள்ளை பிஷப்பை ஜி5-ல் வைத்து எஃப்6 குதிரையை நகர முடியாமல் கட்டிப்போடும் தொல்லை வராது, கறுப்பு பிஷப் எஃப்5-க்கு வர ஆதரவும் கிடைக்கும். மற்றக் குதிரை சி6, ராணி டி7, பிறகு ராணி பக்கம் கேஸ்லிங். வெள்ளை ஒரு பக்கம், கறுப்பு மறுபக்கம் ராஜாவை வைத்தால் டிராவைத் தேடினாலும் எளிதில் கிடைக்காது.

10-க்குப் பிறகு சமச்சீரை உடைக்க நினைத்து ஜி4 என்று ராஜாவின் முன்னால் உள்ள சிப்பாயைத் தள்ளுவார்கள். டிராவைத் தவிர்க்கப் போய்த் தோல்வியை வாங்கி வருவார்கள்.

## 9. நோட்டில் ஏற்றுவதும் சோதிப்பதும்

ஓர் ஓப்பனிங்குக்கு இரண்டு பக்கம் போதும். இடது பக்கம் நகர்வு வரிசை, மாற்றிய நகர்வு சிவப்பில். வலது பக்கம் ஒவ்வொரு சிவப்பு நகர்வுக்கும் ஒரே வரியில் காரணம்: "4. டி3 – ஈ4 காவல், காய் மாறாது" என்பது போல. காரணம் எழுத முடியாத நகர்வை ஏற்றாதீர்கள். எதிராளி வேறு நகர்வு ஆடிய மறு நிமிடம் அது மறந்துபோகும்.

லிச்செஸில் ஸ்டடி (நகர்வுகளைச் சேமித்துவைக்கும் பக்கம்) ஒன்று திறந்து அதிலும் ஏற்றிவையுங்கள். பொதுவில் யாரும் பார்க்காதபடி அமைக்க மறக்க வேண்டாம். மாவட்டத்துக்குள் ஒரே ஆட்களோடுதான் திரும்பத் திரும்ப ஆடுகிறோம். நாளைக்குப் பாலக்கோட்டிலிருந்தோ காவேரிப்பட்டணத்திலிருந்தோ வந்து எதிரே உட்காரப் போகிறவர் அதைப் படித்துவிட்டு வரலாம்.

சோதிக்க, 15 நிமிடமும் நகர்வுக்கு 10 நொடி கூடும் இன்க்ரிமென்டும் வைத்து அந்த ஓப்பனிங்கில் பத்து ஆட்டம். 3 நிமிட பிளிட்ஸ் வேண்டாம், அதில் கை ஆடுமே தவிர மூளை ஆடாது. பத்து ஆட்டத்திலும் மாற்றிய நகர்வு வரை வந்ததே எத்தனை தடவை என்று எண்ணுங்கள். இரண்டு தடவைக்கும் குறைவென்றால் எதிராளிகள் அதற்கு முன்பே விலகுகிறார்கள். அப்போது உங்கள் நேரத்தை அந்த முந்தைய விலகலுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

ஒருநாள் போட்டியில் ரவுண்டுக்கும் ரவுண்டுக்கும் நடுவில் இந்த வேலை எதையும் செய்யக் கூடாது. 1ஆவது படியோடு நோட்டை மூடிவிட்டுத் தண்ணீர் குடித்து, யாரோடு யார் ஆடுவது என்ற அடுத்த பேரிங் ஒட்டியிருக்கும் பலகையில் போர்டு எண்ணையும் நிறத்தையும் பாருங்கள். மூன்றாவது ரவுண்டு டிராவை மரத்தடியில் உட்கார்ந்து அலசிக்கொண்டிருந்த பிள்ளை, நான்காவது ரவுண்டில் கிளாக் ஓடத் தொடங்கி ஏழு நிமிடம் கழித்து வந்து உட்காருவதை எல்லாப் போட்டியிலும் பார்க்கலாம்.